கைக்குத் தட்டுப்படாத மார்பகக் கட்டி: ஆபரேஷனுக்கு முன் இடம் குறிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டால் தெரியாத ஒன்றை எதற்கு அறுத்து எடுக்க வேண்டும்?

விரலுக்குத் தட்டுப்படும் முன்பே கண்டுபிடிக்கத்தான் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயே எடுக்கிறோம். ஆகவே அதில் தெரிவதில் பல, கைக்கு அகப்படாதவையாகவே இருக்கும். 6, 7 மி.மீ. அளவுள்ள சிறு கட்டி ஒரு வகை. உப்புத்தூளைத் தூவியது போலக் கூட்டமாகத் தெரியும் சுண்ணாம்புத் துகள்கள் இன்னொரு வகை. ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் அரை மி.மீ.க்கும் குறைவு. மூன்றாவது வகையில் கட்டி என்று எதுவும் இருக்காது. சுற்றியுள்ள திசு மட்டும் ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டு, சுருக்குப்பை வாய் போலத் தெரியும்.

முதலில் ஊசியால் துளித் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்வார்கள். அதில் புற்றுநோய் என்றோ, பால்குழாய்க்குள் மட்டும் இருக்கும் ஆரம்பப் புற்று என்றோ, புற்று அல்லாத ஆனால் நம்பி விட்டுவைக்க முடியாத செல்கள் என்றோ வந்தால் அந்த இடத்தை எடுக்க வேண்டியிருக்கும். படம் ஒன்று சொல்ல, பயாப்சி வேறொன்று சொன்னாலும் எடுக்கச் சொல்வதுண்டு. எனவே, எடுக்க வேண்டிய இடத்தைக் காட்ட 'வயர் வைக்க வேண்டும்' என்ற சொல்லைக் கேட்டதுமே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

மேமோகிராம் படம் கையில் இருக்கிறதே, அதைப் பார்த்து சர்ஜனே வெட்ட முடியாதா?

முடியாது. படம் எடுக்கும்போது நிற்கிறீர்கள் அல்லது உட்கார்ந்திருக்கிறீர்கள். மார்பகம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே முன்னால் இழுத்து நசுக்கப்பட்டிருக்கிறது. ஆபரேஷன் மேசையிலோ மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். மார்பகம் பக்கவாட்டில் சரிந்து தட்டையாகிறது. படத்தில் தோலிலிருந்து 4 செ.மீ. ஆழத்தில் தெரிந்தது மேசையில் 2 செ.மீ.யில் இருக்கலாம். 'மேல் வெளிப்பக்கம்' என்று படித்தது கைக்கட்டை விரல் அகலம் தள்ளிப் போயிருக்கலாம். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த நிலை மாற்றம்தான். கீழே வரும் பல பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

வயர் என்பது என்ன?

முடியை விடச் சற்றுத் தடித்த, வளையக்கூடிய மெல்லிய உலோகக் கம்பி. நுனியில் தூண்டில் முள் போல ஒரு கொக்கி. வயர் உள்ளே போகும் ஊசி பெரும்பாலும் 20 கேஜ் தடிமன், அதாவது ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஊசிக்குள் இருக்கும்வரை கொக்கி மடங்கியிருக்கும். வெளியே வந்ததும் விரிந்து திசுவைப் பற்றிக்கொள்ளும்.

கொக்கி வயரை மருத்துவர் ஃபிராங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1976இல் விவரித்தார்கள். 1980இல் கோபன்ஸ், டெலூகா இருவரும் சுருள்வில் போல விரியும் கொக்கியைக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த கோபன்ஸ் வயர்களில் கொக்கியை ஒட்டிச் சுமார் 2 செ.மீ. நீளம் மட்டும் தடிமனாக இருக்கும். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அறுத்துக்கொண்டு போகும் சர்ஜனின் விரலுக்கு அந்தத் தடிப்பு பட்டால், 'இனிமேல் கவனம், இலக்கு பக்கத்தில்' என்று பொருள். ஹோமர் வடிவமைத்த வயரின் நுனி இங்கிலீஷ் ஜே எழுத்துப் போல வளைந்திருக்கும். இடம் சரியில்லை என்றால் அதை ஊசிக்குள் திரும்ப இழுத்து மாற்றிப் போடலாம். கொக்கி வயரில் அந்த வசதி இல்லை. விரிந்தது விரிந்ததுதான்.

மேமோகிராம் வைத்துப் போடுவதா, அல்ட்ராசவுண்டிலா? யார் முடிவு செய்வது?

படங்களைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட்தான். அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிந்தால் அதுதான் முதல் தேர்வு. நசுக்கல் இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஊசி போவதை அந்தந்த நொடியே திரையில் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், ஆபரேஷனில் படுப்பது போலவே படுக்க வைத்து, கையை அதே கோணத்தில் விரித்து வைத்துப் போடலாம். தோலில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'தோலிலிருந்து 14 மி.மீ.' என்று ஆழம். சர்ஜனுக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடையாது.

சுண்ணாம்புத் துகள்கள் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. அதற்கு மேமோகிராம் வேண்டும். இரண்டிலும் தெரியாமல் எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்தால், அங்கேயே காந்தத்தால் ஈர்க்கப்படாத ஊசியும் வயரும் கொண்டு போட வேண்டும். அதற்குமுன், எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்தைக் குறிவைத்து அல்ட்ராசவுண்டை இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு பார்த்தால் சில சமயம் கண்ணில் பட்டுவிடும்.

மேமோகிராம் வழியில் என்னென்ன செய்வார்கள்?

முதலில் பழைய படங்களை வைத்து, தோலிலிருந்து இலக்குக்கு எந்தப் பக்கம் தூரம் குறைவு என்று பார்ப்பார்கள். மேல்பாதியில் இருந்தால் மேலிருந்து, வெளிப்புறம் என்றால் வெளிப்பக்கத்திலிருந்து. எந்தப் பக்கமாக இருந்தாலும் ஊசி நெஞ்சுச்சுவருக்கு இணையாகவே போகும். நெஞ்சை நோக்கிக் குத்துவது இந்த முறையில் கிடையாது.

அடுத்து நாற்காலியில் உட்காரவைத்து, நடுவில் சதுரமாகத் திறந்த ஒரு தட்டால் மார்பகத்தை அழுத்திப் பிடிப்பார்கள். திறப்பின் ஒரு விளிம்பில் எழுத்துகள், மற்றொரு விளிம்பில் எண்கள். எடுத்த படத்தில் இலக்கு எந்த எழுத்துக்கும் எந்த எண்ணுக்கும் நேராக இருக்கிறதோ, அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் ஊசி இறங்கும் இடம். இதற்குள் நோயாளி நகர்ந்துவிட்டாரா என்று கண்டுபிடிக்க, தோலில் திறப்பின் மூலைகளைப் பேனாவால் குறித்து வைப்பது நல்ல பழக்கம். குறி விலகியிருந்தால் கணக்கும் விலகிவிட்டது. திரும்பப் படம் எடுக்க வேண்டும்.

தோலைச் சுத்தம் செய்து, 1 சதவீத லிக்னோகெய்ன் மரப்பு மருந்து சில மில்லி போட்டு, ஊசியை நேர் செங்குத்தாக இறக்குவார்கள். நேராக இறங்கியதா என்பதற்கு ஓர் எளிய சோதனை: தட்டின் விளக்கு வெளிச்சத்தில் ஊசித்தலையின் நிழல் ஊசி நுழைந்த இடத்தின் மேலேயே விழ வேண்டும். நிழல் சாய்ந்தால் ஊசியும் சாய்ந்திருக்கிறது. அப்போது எடுக்கும் படத்தில் ஊசி நீளமாகத் தெரியாமல், ஒரே புள்ளியாக இலக்கின் மேல் தெரிந்தால் சரி.

எவ்வளவு ஆழம்? பக்கவாட்டுப் படத்தில் தோலிலிருந்து இலக்குவரை அளந்து, அதனுடன் 1 செ.மீ. கூட்டுவார்கள். 3.5 செ.மீ. என்றால் 4.5 செ.மீ. அதற்கு 5 செ.மீ. ஊசி மயிரிழையில்தான் எட்டும், 7 செ.மீ. ஊசிதான் கைக்கு வாகு. வேண்டுமென்றே தாண்டிக் குத்துவதற்குக் காரணம் உண்டு. ஆழமாகப் போன ஊசியைப் பின்னுக்கு இழுப்பது சுலபம். எட்டாமல் நின்ற ஊசியைத் தட்டு விலகிய பிறகு முன்னே தள்ளினால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இனிமேல்தான் நுட்பம். தட்டை மெதுவாகத் தளர்த்தும்போது மார்பகம் விரிந்து ஊசியிலிருந்து கழன்று வரப் பார்க்கும். ஒருவர் தட்டை விடுவிக்க, மற்றவர் திசுவை ஊசியின் தலைவரை அணைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு 90 பாகை திருப்பி, வேறு தட்டால் அழுத்தி, பக்கவாட்டுப் படம். இதில்தான் ஊசி முழு நீளத்துக்கும் தெரியும். நுனி எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் இழுத்துச் சரிசெய்து, வயரின் மேலுள்ள குறி ஊசித்தலையை எட்டும்வரை அதைச் செலுத்துவார்கள். பிறகு வயரை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசியை மட்டும் பின்னால் உருவ வேண்டும். ஊசியைப் பிடித்துக்கொண்டு வயரைத் தள்ளினால் கொக்கி நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் விரியும். பழகும்போது பலரும் செய்யும் பிழை இது.

கடைசியாக இரண்டு கோணத்திலும் ஒரு படம். அவை சர்ஜனுக்குப் போகும்.

ஒரே கோணத்தில் பார்த்துப் போட்டால் ஆகாதா?

ஆகாது. அழுத்தும் திசையில் உள்ள ஆழத்தை அந்தக் கோணத்துப் படம் காட்டவே காட்டாது. தவறு நடப்பதும் அந்தத் திசையில்தான். அழுத்திய நிலையில் ஊசி அரை செ.மீ. தள்ளி நின்றால், விட்டதும் மார்பகம் ஆர்மோனியத் துருத்தி போல விரிய, அந்த அரை செ.மீ. ஒன்று, ஒன்றரை செ.மீ.யாகிவிடும்.

வலிக்குமா?

மரப்பு மருந்து ஏறும்போது சில நொடி எரியும். பிறகு ஊசி குத்துவது பெரிதாகத் தெரியாது. தட்டு அழுத்தும் இறுக்கமும், ஆடாமல் உட்கார வேண்டிய சிரமமும்தான் அதிகம். கொக்கி விரியும்போது சிலர் ஒரு சுருக்கை உணர்வார்கள்.

மயக்கம் வருமாமே?

வரலாம். ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து வெறும் வயிறு, பயம், உட்கார்ந்த நிலை, உடம்பில் ஊசி. இவை சேர்ந்தால் நாடி குறைந்து, வியர்த்து, கண் இருட்டும். ஆபத்து மயக்கத்தில் இல்லை; ஊசி உள்ளே, தட்டு இறுகியிருக்க, ஆள் சரிவதில்தான். அதனால் சாய்த்துப் படுக்கவைக்கக்கூடிய நாற்காலியும், பின்னால் ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும். காது அடைக்கிறது, குமட்டுகிறது என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். தட்டைத் தளர்த்தி, படுக்கவைத்து, காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்கூட்டியே எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், மரப்பு மருந்துக்கோ உலோகத்துக்கோ ஒவ்வாமை, இதயத்தில் பேஸ்மேக்கர், மார்பகத்தில் சிலிக்கோன் இம்பிளான்ட், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் வேண்டும். அன்று பவுடரும் அக்குளில் வாசனைப் பொருளும் வேண்டாம். அவற்றில் உள்ள உலோகத் துகள் படத்தில் சுண்ணாம்புத் துகள் போலவே தெரியும்.

வயர் போட்ட பிறகு ஆபரேஷன் வரை எப்படி இருக்க வேண்டும்?

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வயரைச் சுருட்டித் தோலோடு ஒட்டி, மேலே துணி வைத்து மூடியிருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள். உடை மாற்ற உதவி கேளுங்கள். கொழுப்புத் திசு அதிகமாக இருந்தால் கொக்கிக்குப் பிடிமானம் குறைவு, வயர் நகரலாம். துணி நனைந்தாலோ வயர் வெளியே வந்தது போல இருந்தாலோ தள்ளிவிட முயலாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். அன்றைய தினமே ஆபரேஷன் என்று வைப்பதும் இதற்காகத்தான். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். நுரையீரல் உறையில் ஊசி படுவது மிக அரிது, ஆனால் இல்லாததல்ல.

வயர் சரியான இடத்தில் இல்லாவிட்டால்?

வயர் இலக்கைத் துளைத்துப் போவதோ, 1 செ.மீ.க்குள் கடப்பதோ சரி என்று எடுத்துக்கொள்வார்கள். அதைவிட விலகினால் முதல் வயரைப் பிடுங்காமல் இரண்டாவது ஒன்றைப் போடுவதே வழக்கம். அப்போது 'எந்த வயரை நம்ப வேண்டும்' என்பதைப் படத்திலும் தாளிலும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கொஞ்சம்தான் விலகியிருந்தால், 'இலக்கு வயருக்கு 8 மி.மீ. கீழே, கொக்கிக்கு 1 செ.மீ. முன்னால்' என்று எழுதினால் போதும். தவறாகப் போன வயரை விட, தவறு என்று சொல்லப்படாத வயர்தான் ஆபத்து.

துகள்கள் பெரிய பரப்பில் இருந்தால்?

இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வயர், சில நேரம் மூன்று. வேலி கட்டி எல்லை காட்டுவது போல. நடுவில் ஒன்றை மட்டும் போட்டால் இரு பக்கமும் மிச்சம் தங்கிவிடும்.

பயாப்சியின்போது அடையாளத்துக்கு உள்ளே ஒரு சிறு உலோகக் கிளிப் வைத்தார்கள். அதைக் குறிவைத்தால் போதுமே?

பாதி சரி. பயாப்சி ஊசி சிறு கட்டியை முழுதுமே எடுத்துவிடக்கூடும்; ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுத்தால் கட்டி கரைந்து அடையாளம் இல்லாமல் போகும். அப்போதெல்லாம் கிளிப் ஒன்றுதான் வழிகாட்டி. கீமோ தொடங்கும் முன் கிளிப் வைக்க மறந்தால் பின்னால் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஆனால் கிளிப் நகரும். மேலே சொன்ன அதே துருத்தி விளைவுதான்: அழுத்தத்தில் வைத்த கிளிப், தட்டு விலகியதும் பயாப்சித் தடம் வழியே ஓரிரு செ.மீ. வழுக்கிப் போகும். அதனால் பயாப்சி முடிந்தவுடன் எடுத்த படத்தைப் பார்த்து, கிளிப்புக்கும் இலக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துகொண்ட பிறகே வயர் போட வேண்டும். நகர்ந்திருந்தால் குறி மிச்சமிருக்கும் துகள்கள் அல்லது ரத்தம் கட்டிய இடம், கிளிப் அல்ல.

வயர் இல்லாத முறைகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: வெளியே எதுவும் நீட்டாமல் உள்ளே ஒரு சிறு பொருளை வைத்து, அதை நெருங்கினால் சத்தம் எழுப்பும் கருவியால் தேடி எடுப்பது.

கதிர்வீசும் அயோடின்-125 விதை: அரிசியை விடச் சிறிய, சுமார் 4.5 மி.மீ. நீளமுள்ள டைட்டானியக் குழல். அரையாயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம், சுமார் 60 நாள், எனவே சில நாள் முன்பே வைக்கலாம். அதன் கதிரின் ஆற்றல் 27 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நிணநீர் முடிச்சு தேடப் போடும் டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருளின் ஆற்றல் 140. ஒரே கருவியில் இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு விதைக்கும் கணக்கு வைக்க வேண்டும். உறிஞ்சு குழாயில் ஒன்று போய்விட்டால் அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. டெக்னீசியத்தையே நேரடியாக இலக்கில் செலுத்தும் முறை 1990களில் மிலானில் உருவானது. அதன் அரையாயுள் 6 மணி நேரம்தான். கசிந்து பால்குழாய்க்குள் போனால் மார்பகம் முழுவதும் சத்தம் கேட்கும்.

காந்த விதை 5 மி.மீ. நீளம். கதிர்வீச்சுத் தொல்லை இல்லை. ஆனால் பக்கத்தில் எஃகுக் கருவி இருந்தால் தேடும் கருவி குழம்பும், பிளாஸ்டிக் அல்லது டைட்டானியக் கருவிகள் தேவை. வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுற்றிலும் சில செ.மீ. கறுப்பாகிவிடும், எனவே எம்.ஆர்.ஐ. பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் 12 மி.மீ. சாதனமும், கடை அட்டைகளில் இருப்பது போன்ற ரேடியோ குறிச்சீட்டும் உண்டு. ரேடார் சாதனத்தில் நிக்கல் கலந்த உலோகம் இருப்பதால் ஒவ்வாமையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றின் பெரிய லாபம் நேரம். ரேடியாலஜி அறைக்காக ஆபரேஷன் காத்திருக்க வேண்டாம். ஆனால் இடத்தைத் தவறாக வைத்தால் இவற்றை இழுத்துச் சரிசெய்ய முடியாது. நன்றாக வயர் போடும் கைகள் இருக்கும் இடத்தில் வயர் பழையது என்பதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் வயரைப் பின்தொடர்ந்தே வெட்டுவார்களா?

அவசியமில்லை. வயர் நுழைந்த இடத்திலேயே கீற வேண்டும் என்பதில்லை. இலக்குக்கு அருகிலோ, முலைக்காம்பைச் சுற்றிய கருவட்ட ஓரத்திலோ கீறி, உள்ளே போய் வயரைப் பிடிப்பார்கள். வயரை இழுத்துத் திசுவைத் தூக்கக் கூடாது, கொக்கி கழன்றுவிடும். மின்சூடு கத்தி வயரில் பட்டால் சூடு பரவும், வயர் துண்டாகவும் செய்யும். துண்டானால் கொக்கிப் பகுதி வெளியே வந்ததா என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்ய வேண்டும்.

எடுத்த திசுவை ஏன் உடனே எக்ஸ்ரே எடுக்கிறார்கள்?

மூன்று கேள்விகளுக்காக: இலக்கு வந்ததா, கிளிப் வந்ததா, கொக்கியோடு வயர் முழுதாக வந்ததா. திசு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வெளி என்று தெரிய, குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பது போலத் தையல் போட்டிருப்பார்கள். இலக்கு ஓர் ஓரத்தை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு சீவு எடுப்பார்கள். இந்த நேரத்தில் உங்களை மயக்கத்தில் வைத்துக் காத்திருப்பது வீண் தாமதம் அல்ல.

அல்ட்ராசவுண்டில் மட்டும் தெரிந்த கட்டி என்றால் திசுவை உப்புநீரில் வைத்து அதே கருவியால் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்ததை இப்படிச் சரிபார்க்க வழியில்லை, ரத்த ஓட்டம் நின்ற திசுவில் எம்.ஆர்.ஐ.க்காக ரத்தத்தில் செலுத்தும் மருந்து ஏறாது. அதற்கு ஆபரேஷனுக்குப் பின் எம்.ஆர்.ஐ.தான்.

உடனடி உறைபனி பரிசோதனையில் முடிவைத் தெரிந்துகொள்ளலாமே?

சிறு துகள்களுக்கு அது நல்லதல்ல. உறையவைத்துச் சீவும்போது இருக்கும் சிறிய இலக்கே வீணாகலாம்.

பெத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் சுண்ணாம்பு இல்லை என்கிறார்கள், எக்ஸ்ரேயில் இருந்ததே?

பதற வேண்டாம், கேளுங்கள். சுண்ணாம்பு இரண்டு வகை. கால்சியம் பாஸ்பேட் வழக்கமான சாயத்தில் ஊதா நிறமாகத் தெரியும். கால்சியம் ஆக்சலேட் சாயம் ஏற்காது. துருவப்படுத்திய (போலரைஸ்டு) ஒளியில் பார்த்தால்தான் மின்னும். சீவும்போது துகள் தெறித்து விழுவதும் உண்டு. திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையே எக்ஸ்ரே எடுத்து, துகள் உள்ள கட்டியை மட்டும் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பார்கள். திசுவோடு அதன் எக்ஸ்ரே படத்தையும் பெத்தாலஜிக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

ஊசி குத்தினால் புற்று பரவாதா?

ஊசித் தடத்தில் சில செல்கள் இடம் மாறலாம், அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இதனால் உயிருக்கான வாய்ப்பு குறைகிறது என்று காணப்படவில்லை. இடம் குறிக்காமல் தேடி அறுத்து, இலக்கைத் தவறவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

கதிர்வீச்சு?

இரு மார்பகத்துக்கும் இரண்டு கோணங்கள் எடுக்கும் வழக்கமான மேமோகிராம் சுமார் 0.4 மில்லிசீவர்ட். வயர் போடும்போது ஒரு மார்பகத்தில் நான்கைந்து படங்கள், அதே அளவுக்குள்தான்.

எடுத்தாகிவிட்டது. ஓரம் சுத்தம் என்றால் என்ன அளவு?

பரவும் வகைப் புற்றுக்கு, திசுவின் வெளிப்பரப்பில் தடவிய மையைப் புற்றுச் செல் தொடாமல் இருந்தால் போதும் என்பது 2014இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். பால்குழாய்க்குள் மட்டும் இருக்கும் வகைக்கு 2 மி.மீ. என்று 2016இல் வந்தது. ஓரம் போதவில்லை என்றால் இன்னொரு முறை எடுக்க நேரும். வயர் சரியாகப் போட்டிருந்தாலும் இது நடக்கலாம், ஏனென்றால் குழாய்களுக்குள் நோய் பரவியிருப்பது சில சமயம் எந்தப் படத்திலும் முழுதாகத் தெரிவதில்லை. துகள்களுக்காகச் செய்த ஆபரேஷன் என்றால், புண் ஆறியபின், கதிர் சிகிச்சை தொடங்குமுன், மிச்சம் இருக்கிறதா என்று உருப்பெருக்கி மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். அன்று பழைய படங்களையும், திசுவின் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள்.